டூலிப் மலர்க்கிழங்கு: வீட்டுத் தோட்டத்தில் வளர்ப்பும் பாதுகாப்பும்

கிழங்கையோ கன்றையோ ஊன்றிப் பயிர் செய்யும் குடியானவர் எவராயினும் இரண்டு கேள்விகளுக்கு விடை தெரிந்திருத்தல் அவசியம். ஊன்றப்படும் விதைக்கிழங்கு நோயற்றதா என்பது ஒன்று. தோண்டியெடுத்த கிழங்கை அடுத்த பட்டம் வரையில் பழுதின்றிக் காப்பது எங்ஙனம் என்பது மற்றொன்று. மஞ்சள், சேனை, வாழை ஆகிய எல்லாவற்றிற்கும் பொருந்தும் இவ்விரண்டு பாடங்களையும் மிகுந்த விலை கொடுத்துக் கற்றவர்கள் ஹாலந்து தேசத்தில் டூலிப் என்னும் பூச்செடியைப் பயிரிட்டோர் ஆவர். அச்செடியை வீட்டுத் தோட்டத்தில் வளர்க்க விரும்புவோர்க்கு வேண்டிய விவரங்களும், அதன் சரித்திரத்திலிருந்து நிலம் உடையோர் அறிந்துகொள்ளத்தக்க சில உண்மைகளும் இங்கே தொகுத்துக் கூறப்படுகின்றன.

பிறப்பிடமும் பரவிய விதமும்

டூலிப் என்றதும் ஹாலந்து நினைவுக்கு வருவது வழக்கமாயினும், அதன் பிறப்பிடம் அத்தேசம் அன்று. மத்திய ஆசியாவில் தியான்ஷான், பாமீர் முதலிய மலைத்தொடர்களின் சரிவுகளிலேயே காட்டு டூலிப் வகைகள் மிகுதியாகக் காணப்படுகின்றன. அம்மலைகளில் மாரிக்காலம் நீண்டதும் கடுங்குளிர் உடையதும் ஆகும். பனி உருகும் இளவேனில் சில வாரங்களே நீடிக்கும். பின்னர் வரும் கோடை வறட்சி மிக்கது. இந்த மூன்று பருவங்களுக்கும் ஏற்பவே செடியின் இயல்பு அமைந்துள்ளது. குளிரில் வேரூன்றி, இளவேனிலில் பூத்து, கோடையில் இலை காய்ந்து மண்ணுக்குள் ஓய்வு கொள்வது அதன் வாழ்க்கை முறை. இதனை மனத்திற் கொண்டால் பின்னர்க் கூறப்படும் பராமரிப்பு முறைகள் அனைத்தும் எளிதில் விளங்கும்.

துருக்கி சுல்தான்களின் அரண்மனைத் தோட்டங்களில் இம்மலர் பெரிதும் போற்றப்பட்டது. மூன்றாம் அகமது சுல்தானின் ஆட்சியில் 1718 முதல் 1730 வரையிலான காலம் டூலிப் காலம் என்றே சரித்திரத்தில் பெயர் பெற்றுள்ளது. ஐரோப்பாவில், ஆக்ஸ்பர்க் நகரத் தோட்டம் ஒன்றில் 1559-ம் வருஷம் பூத்திருந்த டூலிப்பைக் கான்ராட் கெஸ்னர் என்னும் அறிஞர் வருணித்து எழுதினார். 1593-ம் வருஷம் லெய்டன் சர்வகலாசாலையின் தாவரத் தோட்டப் பொறுப்பை ஏற்ற கரோலஸ் குளூசியஸ் அங்கே நட்ட கிழங்குகள் மறு வருஷ இளவேனிலில் பூத்தன. ஹாலந்தின் டூலிப் சாகுபடிக்கு அதுவே தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது.

இந்தியாவிற்கும் இச்செடி முற்றிலும் அந்நியம் அன்று. குளூசியஸின் பெயரைத் தாங்கிய டூலிப்பா குளூசியானா என்னும் வெண்மையும் செம்மையும் கலந்த சிறு வகை, பாரசீகம் முதல் மேற்கு இமயம் வரையில் இயற்கையாக வளர்வது. காஷ்மீரத்தின் பழைய மண்கூரைகளின் மேலும் டூலிப் மலர்கள் பூத்து நிற்பதுண்டு. ஸ்ரீநகரில் தால் ஏரியை நோக்கிய ஜபர்வான் மலையடிவாரத்தில், 2007-ம் வருஷம் ஏறக்குறைய 74 ஏக்கர் பரப்பில் படிப்படியாக அமைக்கப்பட்ட பெருந்தோட்டத்தில், பங்குனி சித்திரை மாதங்களில் பல லட்சம் செடிகள் ஒருங்கே மலர்கின்றன.

கிழங்கின் அமைப்பு

டூலிப் கிழங்கு வெங்காயத்தைப் போன்றது. வெளியே பழுப்பு நிறமான மெல்லிய தோல். உள்ளே சதைப்பற்றுள்ள வெண்மடல்கள். அடியில் வேர் புறப்படும் தட்டு. நடுவே இலைகளையும் மலரையும் அடக்கிய முளை. ஆயின் ஒரு முக்கியமான வேற்றுமை உண்டு. நட்ட தாய்க்கிழங்கு பூத்து முடிந்ததும் வற்றி அழிந்துவிடுகிறது. அதன் மடல்களின் இடுக்கில் தோன்றும் பக்கக் கிழங்குகளே மறு வருஷத்திற்கு எஞ்சுகின்றன. குலை தள்ளிய வாழை அழியப் பக்கக்கன்று தலையெடுப்பதை ஒத்தது இது. பக்கக் கிழங்குகளுள் நடுவிலுள்ளது பெரும்பாலும் மறு வருஷமே பூக்கும். சிறியவை ஓரிரண்டு வருஷம் வளர்ந்த பின்னரே பூக்கத்தக்க பருமன் அடையும். விதையிலிருந்து வளர்ப்பின் முதற்பூவைக் காண 5 முதல் 7 வருஷம் காத்திருத்தல் வேண்டும்.

வாங்கும்பொழுது, சுற்றளவு 12 சென்டிமீட்டருக்குக் குறையாத கிழங்கையே தேர்ந்தெடுத்தல் நலம். கையில் எடுத்தால் கனமாகவும், அழுத்தினால் உறுதியாகவும், அடித்தட்டு பழுதின்றியும் இருத்தல் வேண்டும். மெத்தென்று இருப்பதும், புளித்த நாற்றம் வீசுவதும், பூசணம் படர்ந்ததும் விலை குறைந்தாலும் விலக்கத்தக்கன.

குளிர் ஏன் அவசியம்

தோண்டியெடுத்த கிழங்கு கோடையில் ஓய்வு கொள்ளும்பொழுதே, அதனுள் மறு வருஷத்து மலரின் அரும்பு உருவாகிவிடுகிறது. ஆயினும் அரும்பு உண்டானமட்டில் பூ வெளிவருவதில்லை. 48 டிகிரி பாரன்ஹீட்டுக்கு மேற்படாத குளிரில் 12 முதல் 16 வாரம் வரையில் கிழங்கு கிடந்தாலன்றிப் பூந்தண்டு நீளாது. குளிர் போதாத கிழங்கு இலைகளை மட்டும் விடும். அல்லது அரும்பு இலைகளுக்கு இடையிலேயே கருகிப்போகும். எருவாலோ நீராலோ இக்குறையை ஈடுசெய்தல் இயலாது.

நிலமும் நடவும்

குளிர்நாடுகளில் இதனை நடுவதற்குரிய காலம் ஐப்பசி, கார்த்திகை மாதங்கள். மண்ணின் உஷ்ணம் 60 டிகிரிக்குக் கீழே இறங்கிய பின்பே நடுதல் வேண்டும். அதற்கு முந்தினால் கிழங்கு அழுகலுக்கு இரையாகும்.

நீர் தேங்காத, மணற்பாங்கான நிலமே உகந்தது. ஹாலந்தில் ஹார்லெம், லெய்டன் நகரங்களுக்கு இடைப்பட்ட கடற்கரைப் பகுதியில் மணல்மேடுகளை வெட்டிச் சமனாக்கிய பூமியே டூலிப்பிற்குப் பெயர் பெற்றது. அங்கே கால்வாய்களின் நீர்மட்டத்தை ஒழுங்குபடுத்தி, நிலத்தடி நீர் மேற்பரப்பிலிருந்து ஏறக்குறைய 2 அடி ஆழத்தில் நிற்குமாறு செய்துவைத்துள்ளனர். வேர்கள் வேண்டிய ஈரத்தைக் கீழிருந்து பெறுகின்றன. கிழங்கோ ஈரத்தில் ஊறுவதில்லை. களிமண் தோட்டமாயின் மணலும் நன்கு மக்கிய இலையெருவும் கலந்து, பாத்தியை அரை அடி உயர்த்தி அமைத்துக்கொள்ளலாம். பச்சைச் சாணத்தையோ மக்காத தொழு எருவையோ இடுதல் கூடாது. கிழங்கு அழுகுவதற்கு அதுவே காரணமாகும்.

கிழங்கின் உயரத்தைப்போல் மும்மடங்கு ஆழத்தில், அதாவது 6 முதல் 8 அங்குலம் வரையில், கூரிய முனை மேல்நோக்குமாறு ஊன்றுதல் வேண்டும். கிழங்குக்குக் கிழங்கு 4 முதல் 6 அங்குலம் இடைவெளி போதும். நட்டதும் ஒருமுறை நன்றாக நீர் பாய்ச்சி, பின்னர் மண் காயாத அளவிற்கு மட்டும் நீர் விட்டால் போதுமானது. உறைபனி கடுமையாகும் இடங்களில் பாத்தியின் மேல் வைக்கோல் பரப்பிவைப்பது ஹாலந்துக் குடியானவரின் வழக்கம்.

தொட்டியில் வளர்ப்போர் அடித்துளை உள்ள 7 அங்குலத் தொட்டியில் 5 அல்லது 6 கிழங்குகளை நடலாம். டூலிப் கிழங்கின் ஒரு பக்கம் சற்றுத் தட்டையாக இருக்கும். அப்பக்கம் தொட்டியின் விளிம்பை நோக்குமாறு வைத்தால், முதலில் விரியும் அகன்ற இலை வெளிப்புறமாகச் சாய்ந்து, நடுவில் மலர்கள் நெருக்கமின்றி நிற்கும்.

பூத்த பின் செய்யவேண்டுவன

மலர் வாடத் தொடங்கியதும் அதன் தலையை மட்டும் கிள்ளிவிடுதல் வேண்டும். இல்லையேல் செடி தன் சத்தை விதைக்குச் செலவிடும். கிழங்கு விற்பதற்காகப் பயிரிடும் ஹாலந்துக்காரர் வயல் முழுவதும் மலர்ந்து நிற்கும் தறுவாயிலேயே பூக்களின் தலைகளை யந்திரத்தால் கொய்து வயலிலேயே விட்டுவிடுகின்றனர். காண்போர்க்கு இது கொடுமையாகத் தோன்றலாம். ஆயின் அவருக்கு வருமானம் தருவது மண்ணுக்குள் உள்ள கிழங்கே. பூவை இழந்து கிழங்கைப் பெருக்குவதே அவர் தொழிலின் நுணுக்கம்.

தலையைக் கிள்ளும்பொழுது தண்டையும் இலைகளையும் தொடுதல் கூடாது. பூத்த பின் ஏறக்குறைய 6 வாரம் வரையில் அவ்விலைகளே கிழங்குக்கு உணவு சமைப்பன. அவை பழுத்துக் காயும் முன் அறுத்தால் மறு வருஷம் பூ இராது. இலைகள் முற்றிலும் மஞ்சளித்த பின், மழையற்ற நாளில் கிழங்கைக் காயப்படாமல் தோண்டியெடுத்து, காற்றோட்டமுள்ள நிழலில் உலர்த்தி, மண்ணையும் பழைய தோலையும் நீக்கி, பருமன் வாரியாகப் பிரித்துவைத்தல் வேண்டும். கோணியில் குவித்துவைப்பது தவறு. தட்டுகளில் ஒற்றை வரிசையாகப் பரப்பி, 68 முதல் 77 டிகிரி வரையிலான உஷ்ணத்தில் வைத்தால் உள்ளே அரும்பு செவ்வனே உருவாகும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பழுக்கும் கனிகளை, முக்கியமாக ஆப்பிளை, கிழங்கு வைத்த அறையில் சேர்த்து வைத்தல் கூடாது. பழத்திலிருந்து வெளிப்படும் எதிலீன் என்னும் வாயு உள்ளிருக்கும் அரும்பைக் கருக்கிவிடும். வாழைத்தாரைப் புகைமூட்டிப் பழுக்கவைப்பதில் வேலை செய்வதும் இதே வாயுதான். அழுகல் நோய் கண்ட கிழங்கும் அவ்வாயுவை வெளிவிடுமாதலின், கெட்ட கிழங்கு ஒன்று அறையில் இருந்தால் அருகிலுள்ள நல்ல கிழங்குகளும் சேதமுறும். வாரம் ஒருமுறையேனும் பார்த்துப் பழுதானவற்றை நீக்குவது இதனாலேயே அவசியமாகிறது.

நோய்களும் பரிகாரமும்

இலையிலும் பூவிலும் நெருப்புப் பட்டாற்போன்ற புள்ளிகளை உண்டாக்கும் பூசண நோய் ஒன்று. அடித்தட்டைப் பற்றி அழுகச்செய்யும் பியூசேரியம் என்னும் பூசணம் மற்றொன்று. நோயுற்ற செடியைக் கிழங்கோடு பெயர்த்துச் சுட்டெரித்தலும், ஒரே பாத்தியில் குறைந்தது 3 வருஷத்திற்கு மீண்டும் டூலிப் நடாதிருத்தலும் இவற்றிற்கு முதன்மையான பரிகாரங்கள். எலிகள் கிழங்கை விரும்பித் தின்பதால், நடும் குழியில் கம்பிவலை விரிப்பதும் உண்டு.

கிழங்கை அதிகமாகக் கையாளும் வேலையாட்களுக்கு விரல்களில் அரிப்பும் வெடிப்பும் உண்டாகும். அதன் சாற்றிலுள்ள ஒரு நச்சுப்பொருளே காரணம். ஆகவே கையுறை அணிதல் நன்று. கழித்த கிழங்கை மாட்டுக்குத் தீனியாகப் போடுவதும், நாய் கடிக்கும்படி விடுவதும் தவறு.

இவை எல்லாவற்றிலும் கொடியது, அழகின் உருவில் வரும் ஒரு நோய். அதன் வரலாறு தனியே அறியத்தக்கது.

கோடிட்ட பூவும் காற்று வியாபாரமும்

பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஒரே நிறமாகப் பூத்துவந்த டூலிப் கிழங்கு திடீரென்று ஒரு வருஷம் வெள்ளை நிறத்தின்மேல் செந்தழல் படர்ந்தாற்போன்ற கோடுகளுடன் பூப்பதை ஹாலந்துச் சீமான்கள் கண்டு மயங்கினர். எக்கிழங்கு எப்பொழுது அவ்வாறு மாறும் என்பதை எவரும் அறியார். மாறிய கிழங்கோ பக்கக் கிழங்குகளை மிகச் சொற்பமாகவே ஈன்றது. அருமையினால் விலை ஏறிற்று. செம்பர் அகஸ்டஸ் என்னும் கோடிட்ட வகை எல்லாவற்றிலும் உயர்ந்த விலை பெற்றது.

1636-ம் வருஷ இறுதியில் கிழங்குகள் மண்ணுக்குள் கிடக்கையிலேயே, அவற்றைக் கண்ணாற் காணாதவர்களும் சத்திரங்களில் கூடி, எழுத்து ஒப்பந்தங்களின் பேரில் ஒருவருக்கொருவர் விற்றுவந்தனர். கைக்குக் கை மாறியது பொருள் அன்று, வாக்குறுதியே. ஆகையால் அந்நாட்டார் அதற்குக் காற்று வியாபாரம் என்று பெயரிட்டனர். 1637-ம் வருஷம் பிப்ரவரி மாதம் ஹார்லெம் நகரில் ஓர் ஏலத்தில் கேட்பாரின்றிப் போகவே, சில தினங்களில் விலை முழுதும் சரிந்தது. தேசமே பாழாயிற்று என்று பிற்காலத்தார் எழுதியது மிகையென ஆராய்ச்சியாளர் காட்டியுள்ளனர். எனினும் ஒப்புக்கொண்ட தொகையைக் கொடுக்க மறுத்தோரும், வழக்காடியும் பணம் பெறாதோரும் பலர்.

அவ்வளவு விலை பெற்ற கோடுகளின் காரணம் ஏறக்குறைய 300 வருஷம் கழித்தே தெளிவாயிற்று. இங்கிலாந்தில் ஜான் இன்னிஸ் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த டாரதி கெய்லி என்னும் அம்மையார், கோடிட்ட செடியின் கிழங்கை நல்ல கிழங்குடன் ஒட்டவைத்து, நல்லதும் கோடிட்டுப் பூப்பதை 1928-ம் வருஷம் வெளியிட்டார். அது தொற்றும் நோய். வைரஸ் என்னும் நுண்கிருமியினால் விளைவது. அசுவினிப் பூச்சிகள் செடிக்குச் செடி கடத்துவது. கிழங்கு வருஷத்திற்கு வருஷம் மெலிந்ததற்கும், பக்கக் கிழங்குகள் குறைந்ததற்கும் அந்நோயே காரணம். அருமை என்று எண்ணி எதற்குப் பொன் கொடுத்தார்களோ, அது செடியின் நலிவே ஆகும். செம்பர் அகஸ்டஸ் வகை இன்று உலகில் இல்லை. இக்காலத்தில் விற்கப்படும் கோடிட்ட வகைகள் ஒட்டுச்சேர்க்கையால் உண்டாக்கப்பட்ட, நோயற்ற வகைகளே. ஹாலந்து வயல்களில் தானாகக் கோடிட்டுப் பூக்கும் செடியைக் கண்டவுடன் பிடுங்கி அழித்துவிடுகின்றனர்.

இப்பாடம் தென்னாட்டு வாழை பயிரிடுவோர்க்கு நேரே பொருந்துவது. முடிக்கொத்து நோய் என்பதும் ஒரு வைரஸால் வருவது. அதனையும் அசுவினியே பரப்புகிறது. நோய்கொண்ட தாய்வாழையின் கன்றிலும் அது தொடர்ந்து வருகிறது. 1940-ம் வருஷத்தையொட்டி இலங்கையிலிருந்து கேரளப் பகுதிக்குள் புகுந்ததாகக் கருதப்படும் அந்நோய், பின்னர் கீழ்ப்பழனி மலைகளில் புகழ்பெற்ற விருப்பாட்சி வாழையைப் பெரும்பகுதி அழித்துவிட்டது. ஒரு கன்றை விசாரியாமல் வாங்கி நடுவதால் வரும் கேடு ஒரு குடும்பத்தோடு நிற்பதில்லை.

வெளிநாட்டிலிருந்து கிழங்கு, கன்று, விதை எதுவாயினும் தருவிக்க விரும்புவோர், 2003-ம் வருஷத்துத் தாவரத் தொற்றுத்தடுப்பு உத்தரவின்படி இறக்குமதி அனுமதியும், அனுப்பும் நாட்டின் தாவரச் சுகாதாரச் சான்றிதழும் பெறுதல் வேண்டும். பிரயாணத்தின்போது பெட்டியில் ஒளித்துக் கொண்டுவருவது பிழை என்பதைக் கிராம உத்தியோகஸ்தர்கள் ஜனங்களுக்கு எடுத்துச் சொல்வது நலம்.

பஞ்சகாலத்தில்

1944-ம் வருஷம் செப்டம்பரில், ஜெர்மானியர் வசமிருந்த ஹாலந்தில் ரயில்வே ஊழியர் வேலைநிறுத்தம் செய்தனர். அதற்குத் தண்டனையாக மேற்குப் பகுதிக்கு உணவு செல்வதை ஆக்கிரமிப்பாளர் தடுத்தனர். தொடர்ந்த கடுங்குளிரில் கால்வாய்களும் உறையவே, ஏறக்குறைய 20,000 பேர் பட்டினியால் மடிந்தனர். ஏற்றுமதியின்றித் தேங்கிக் கிடந்த டூலிப் கிழங்குகள் அப்பொழுது உணவாக விற்கப்பட்டன. தோலையும், நடுவிலுள்ள மஞ்சள் முளையையும் நீக்கி வேகவைத்தோ மாவாக்கியோ உண்ணுமாறு உணவு அதிகாரிகள் ஜனங்களுக்கு விதிமுறை அறிவித்தனர். ஒருகாலத்தில் ஒரு வீட்டின் விலை பெற்ற இனத்துக் கிழங்கு, பசித்த பிள்ளைகளின் கலத்தில் விழுந்தது. அது நல்ல உணவு என்பதற்கு இது சான்று ஆகாது; வேறு உணவு இல்லாமையாலேயே உண்டார்கள். களஞ்சியத்தில் தானியம் இல்லாத நாட்டிற்கு மலர்வயல் துணையாகாது என்பதே அதனால் பெறப்படுவது.

சமவெளியில் வளர்க்கலாமா

தென்னாட்டுச் சமவெளியில் டூலிப்பை நிலைபெற்ற பயிராகச் செய்தல் இயலாது. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் இராக்குளிர் மிக்கதாயினும், மூன்று மாதம் இடைவிடாமல் 48 டிகிரிக்குக் கீழ்ப்பட்ட குளிர் அங்கும் நிற்பதில்லை. எனவே ஏக்கர் கணக்கில் நட்டு லாபம் பெறலாம் என்று எவர் கூறினும், அவ்வார்த்தையைக் காற்று வியாபாரத்தைச் சேர்ந்ததாகக் கொள்வதே விவேகம்.

ஆசைக்குச் சில தொட்டிகள் வளர்க்க வழி உண்டு. கிழங்கைக் காற்றுப் புகும் காகிதப் பையிலிட்டு, குளிர்சாதனப் பெட்டியில் 36 முதல் 48 டிகிரி வரையிலான பகுதியில் 12 முதல் 16 வாரம் வைத்து, மார்கழியிலோ தை முதலிலோ தொட்டியில் நடலாம். பனிக்கட்டி உறையும் அறையில் வைத்தலும், பழங்களுடன் சேர்த்து வைத்தலும் கூடா. தொட்டியைக் காலை வெயில் மட்டும் படும் குளிர்ந்த இடத்தில் வைத்தல் வேண்டும். வெப்பம் மிகுந்தால் தண்டு குறுகி, மலர் இரண்டொரு நாளில் உதிரும். பூத்த கிழங்கு இங்கே மறு வருஷத்திற்கு உதவாது. புதிதாகவே வாங்க வேண்டும். மலரைக் கொய்து நீரில் வைப்பின், தண்டு அதன் பின்னும் வளர்ந்து வெளிச்சத்தை நோக்கி வளையும். பாத்திரத்தை நாள்தோறும் சற்றுத் திருப்பிவைப்பது நன்று.

கிழங்கிலிருந்து பூ வேண்டும் குடியானவருக்குச் சமவெளியிலேயே பழகிய சம்பங்கி இருக்கிறது. குளிரை வேண்டாது அது வருஷம் முழுவதும் பூத்துச் சந்தைக்கு வருவது. எதனை நட்டாலும், நட்ட கிழங்கு எங்கிருந்து வந்தது, அதன் தாய்ச்செடி எப்படி இருந்தது என்று விசாரித்து, சந்தேகமுள்ளதை விலை பாராது கழித்துவிடுதல் வேண்டும். ஹாலந்துக்காரர் கோடிட்ட பூவைக் கண்டதும் இரக்கமின்றிப் பிடுங்குவது இதற்காகவே.